பிப்ரவரியில் ஒரு ஊர், ஜூனில் வேறு ஊர்: நீரோடி முதல் இரையுமன்துறை வரை

சென்னையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் போன வருடம் போனில் கேட்டார்: "நீரோடியோட மக்கள்தொகை எவ்வளவு? ஒரு எண் மட்டும் சொல்லு." நான் குமரி மாவட்டம் புதுக்கடைக்காரன். அங்கிருந்து நீரோடி பைக்கில் அரை மணி நேரம்கூட ஆகாது. சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று யோசித்துப் பார்த்ததில் இந்தக் கடற்கரையின் புவியியல் முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் வந்துவிட்டது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். குழித்துறைத் தாமிரபரணி தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது வேறு. இந்தப் பொழிமுகத்துக்கு மேற்கே தொடங்கி கேரள எல்லை வரை எட்டு மீனவ ஊர்கள் சங்கிலி போலக் கிடக்கின்றன. இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, கடைசியாக நீரோடி. மொத்த நீளம் சுமார் பத்து கிலோமீட்டர். ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியாளுக்குத் தெரியாது. கோயில் கோபுரம் மாறினால் ஊர் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கோயில் என்று இங்கே சொல்வது மாதா கோயிலை. எட்டில் ஐந்து பெயர் 'துறை' என்று முடிகிறது. வள்ளவிளையில் மட்டும் 'விளை' இருக்கிறது. குமரி மாவட்டத்தில் விளை என்றால் தென்னையும் மரச்சீனியும் நிற்கிற தோட்டம். கடலோரத்தில் அப்படி ஒரு பெயர் கேட்க விநோதமாகத்தான் இருக்கும்.

நீரோடியைத் தாண்டினால் பொழியூர். அது திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை தாலுகா. இன்னும் கொஞ்சம் போனால் பூவாறு, அங்கே நெய்யாறு கடலில் சேருகிறது. ஆக, இரண்டு ஆற்று முகங்களுக்கு நடுவே கிடக்கிற ஒரு மணல் நாடா இது. அந்த நாடாவின் நடுவில் எங்கோ மாநில எல்லை ஓடுகிறது.

நாடா என்று சும்மா சொல்லவில்லை. ஊர்களுக்குப் பின்னால், கரைக்கு இணையாக ஏ.வி.எம். கால்வாய் போகிறது. அனந்தன், விக்டோரியா, மார்த்தாண்டன் என்று சாமி, ராணி, ராஜா மூவர் பெயரையும் சேர்த்து வைத்தது. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1860-ல் வெட்டத் தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகிலேயே போக வேண்டும் என்பது திட்டம். முழுசாக முடியவே இல்லை. வெட்டிய பகுதியும் இப்போது பல இடங்களில் ஆகாயத்தாமரை மூடி, குப்பை நிரம்பி, ஓடை மாதிரிக் கிடக்கிறது. ஆனால் படகு போகாவிட்டாலும் அது ஒரு வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது: கடற்கரைக்காரர்களின் நிலத்துக்கு வேலி போட்டுவைத்திருக்கிறது. முன்னால் கடல், பின்னால் கால்வாய். இடையில் சில இடங்களில் ஐந்து நிமிடத்தில் நடந்து கடந்துவிடலாம்.

அந்த ஐந்து நிமிட அகலத்துக்குள் வீடுகள் எப்படி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். சின்னத்துறையில் ஒரு சந்தில் போனபோது, ஒரு வீட்டு அடுக்களை ஜன்னலும் எதிர்வீட்டு அடுக்களை ஜன்னலும் நேருக்கு நேர். ஒரு அம்மா இந்தப் பக்கத்திலிருந்து கிண்ணத்தை நீட்ட, அந்தப் பக்கம் வாங்கிக்கொண்டார்கள். நடுவில் நான் தலையைக் குனிந்து போனேன். வீடுகள் எல்லாம் கான்கிரீட், பாதிக்கு மேல் மாடி. அகலத்தில் இடமில்லை, அதனால் உயரத்தில் போகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டார் பக்கம் வந்து தங்குவது இந்தக் கரையில் அதிசயமில்லை. மகளுக்கு வீட்டை, அல்லது வீட்டில் ஒரு பங்கைக் கொடுப்பார்கள். தலைமுறைக்கு ஒரு தடவை நான்கு சென்ட் இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். கால்வாய்க்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கிப் போனவர்களும் உண்டு. ஆனால் அங்கே சென்ட் விலையைக் கேட்டால் திரும்பி வந்துவிடத் தோன்றும்.

மாவட்டமே நெரிசலானதுதான். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தில் 18,70,374 பேர், சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டின் சராசரி 555. சென்னைக்கு அடுத்தபடியாக நெருக்கம் இங்கேதான். அந்த 1,111-ம் மலை, காடு, ரப்பர் எஸ்டேட், வயல் எல்லாவற்றையும் சேர்த்து வகுத்த கணக்கு. கடற்கரை நாடாவை மட்டும் எடுத்து வகுத்தால் எங்கே போய் நிற்கும் என்பதை அந்தச் சந்தில் ஒருமுறை நடந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் அப்படி எடுத்து வகுக்க முடியாது. நண்பருக்கு நான் எண் சொல்ல முடியாததற்கு முதல் காரணம் அதுதான். நீரோடி, வள்ளவிளை என்றெல்லாம் அரசுக் கணக்கில் தனி ஊர் இல்லை. 2011-ல் இந்த ஊர்களில் பெரும்பாலானவை கொல்லங்கோடு, ஏழுதேசம் என்ற இரண்டு பேரூராட்சிகளின் வார்டுகள். கால்வாய்க்கு அப்பால் இருக்கிற விளைகளும் குளங்களும் கோவில்களும் அதே பேரூராட்சிகளில்தான். 2021-ல் இரண்டையும் இணைத்துக் கொல்லங்கோடு நகராட்சி ஆக்கினார்கள். தூத்தூருக்கு மட்டும் அதன் பெயரிலேயே ஒரு ஊராட்சி உண்டு. மற்றபடி கடற்கரைக்காரரும் உள்நாட்டுக்காரரும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுகிறார்கள்.

சரி, வார்டு வாரியாகப் பிரித்து எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் இரண்டாவது காரணம் வருகிறது. அதற்குக் கடலுக்குள் போக வேண்டும்.

இந்த எட்டு ஊர்களைப் பொதுவாகத் 'தூத்தூர்க்காரர்கள்' என்றே கேரளத் துறைமுகங்களில் சொல்வார்கள். இந்தியாவில் ஆழ்கடல் மீன்பிடிப்பில், முக்கியமாகச் சுறாவிலும் சூரையிலும், இவர்களுக்கு இணை சொல்ல ஆள் குறைவு. இவர்களுடைய பாட்டன்கள் கட்டுமரத்தில் போனவர்கள். அலை அடித்து எறிகிற கரையிலிருந்து கிளம்ப வேண்டும், ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. இரண்டு அடையாளங்களை, ஒரு மலை முகட்டையும் ஒரு கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, கடலுக்கடியில் பார், அதாவது மீன் கூடுகிற பாறைத் திட்டு, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். கணிச்சம் என்று அதற்குப் பெயர். கரை மறைந்த பிறகும் போகப் பழகியவர்களுக்கு என்ஜின் வந்ததும் கடல் இன்னும் விரிந்தது. ஆயிரங்கால் தூண்டிலை மைல்கணக்கில் விட்டு, கரையையே மறந்து கிடக்கிற தொழில் அது.

ஆனால் பெரிய விசைப்படகைக் கட்டச் சொந்த ஊரில் இடமில்லை. அதனால் கொச்சி தோப்பும்படியும் முனம்பமும் இவர்களின் துறைமுகங்களாயின. படகு தமிழ்நாட்டுப் பதிவு, ஆட்கள் தூத்தூர், வள்ளவிளை. ஐஸும் டீசலும் ஏற்றுவது கொச்சியில், மீனை இறக்குவதும் அங்கேதான். ஒரு படகில் பத்துப் பன்னிரண்டு பேர், சில சமயம் கூடுதலாக. ஒரு தடவை போனால் முப்பது, நாற்பது நாள். லட்சத்தீவு தாண்டி, குஜராத் கடல், ஓமன் பக்கம் என்று போவார்கள். கொச்சியிலிருந்து 1,800 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இருக்கிற டியாகோ கார்சியா கடலில் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்துவைத்தார்கள் என்று அடிக்கடி செய்தி வருவதும் இவர்களைப் பற்றித்தான். அந்தத் தீவின் பெயர் நாகர்கோவில் கடைத்தெருவில் நூறில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். வள்ளவிளையில் கல்லூரி போகிற பிள்ளைகூட சாதாரணமாகச் சொல்லும்.

தேங்காப்பட்டணத்தில் மீன்பிடித் துறைமுகம் வந்த பிறகாவது எல்லாரும் ஊர் திரும்புவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். முகத்துவாரத்தில் மணல் மூடுவதும், நுழைகிற இடத்தில் அலை எழும்பிப் படகு கவிழ்வதும் உயிர்கள் போவதுமாக அது இன்னொரு சோகக் கதையாகிவிட்டது. கொச்சி கொச்சியாகவே இருக்கிறது.

இப்போது மக்கள்தொகைக் கணக்குக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் ஆட்களை எண்ணியது பிப்ரவரி 9 முதல் 28 வரை. வழக்கமாக அந்த வீட்டில் இருப்பவர் அந்த இருபது நாளில் ஒரு தடவையாவது வந்து போனால் வீட்டில் சேர்க்கலாம். இருபது நாளும் வெளியில் இருந்தால் சேர்க்கக் கூடாது, அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே எண்ணப்பட வேண்டும். ஊருக்கு வெளியே வேலை பார்க்கிற யாருக்கும் பொருந்துகிற நல்ல விதிதான். நாற்பது நாள் நடுக்கடலில் கிடக்கிறவனை மட்டும் எங்கே போய் எண்ணுவது? பிப்ரவரி கடல் அடங்கிக் கிடக்கிற மாதம். தொழில் சூடாக இருக்கிற மாதம்.

என் சித்தி பள்ளி ஆசிரியை. அந்த வருடம் கடற்கரை வார்டு ஒன்றில் கணக்கெடுப்புக்குப் போனார். ஒரு வீட்டில் வயதான அம்மா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாராம். எத்தனை பேர் என்று கேட்டதும், "ஆறு பேரு எழுதுங்க டீச்சரே. இப்பம் இருக்கது நாலு" என்றாராம். மற்ற இரண்டு பேரும் எப்போது வருவார்கள் என்றால், "கடலு விட்டா வருவாவ." சித்தி விதியை விளக்கினார். அம்மா தலையை நிமிர்த்தாமல், "அப்பம் எம்பிள்ளைய எந்த ஊருல சேப்பிய?" என்று கேட்டாராம். சித்தி கடைசியில் நாலு எழுதினாரா ஆறு எழுதினாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அரசின் எண்ணைவிடப் பங்குக் கோயிலின் குடும்பப் பதிவேடு துல்லியமானது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். யார் பிறந்தார், யார் எந்த வீட்டில் கல்யாணம் பண்ணினார், யார் எந்தப் படகில் போகிறார் எல்லாம் பங்குப் பேரவைக்காரர்களுக்கு அத்துப்படி. இந்தக் கரையில் கோயில் அவ்வளவு பழையது. 1544 கடைசியில் பிரான்சிஸ் சேவியர் திருவிதாங்கூர் கரை வழியாக ஊர் ஊராகப் போய், ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முக்குவ மீனவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகத் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தையும் ஒருவகையில் இந்தக் கரையின் மக்கள்தொகைக் குறிப்பாக வாசிக்கலாம்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டுக்கு வந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தின் பலன். விளவங்கோட்டின் மேற்கு நுனியில் இருந்த இந்த எட்டு ஊர்களும் அதோடு வந்தன. கோடு பொழியூருக்கும் நீரோடிக்கும் நடுவே விழுந்தது. ஆனால் கோயில் கோடு நகரவில்லை. ஆற்றுக்குக் கிழக்கே இருக்கிற குமரிக் கடற்கரை கோட்டாறு மறைமாவட்டமாக இருந்தது, இந்த எட்டு ஊர்களோ திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்தில். இன்றைக்கும் அப்படித்தான். தமிழில் பூசை கேட்கிறார்கள், ஆயர் இல்லம் திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில். இதன் உச்சம், மார்த்தாண்டன்துறையில் பிறந்த சூசபாக்கியம் திருவனந்தபுரத்தின் ஆயராகி, 2004-ல் அது உயர்மறைமாவட்டமானபோது பேராயரும் ஆனது. கேரளத் தலைநகரின் பேராயர் ஒரு தமிழ்க் கடற்கரைக்காரர். 2022 வரை அவர்தான்.

கால்வாய்க்கு உள்பக்கமும் எல்லை அப்படித்தான் கிடக்கிறது. கொல்லங்கோடு பத்ரகாளி கோவிலில் குழந்தைகளைத் தூக்கிச் சுற்றுகிற 'தூக்க'த் திருவிழாவுக்குக் கேரளத்திலிருந்து வருகிற கூட்டத்தைப் பார்த்தால் எது எந்த மாநிலம் என்று யாரும் கேட்பதாகத் தெரியாது. நீரோடிப் பெண்கள் மீன் கூடையோடு எந்தச் சந்தைக்குப் போவது என்பதை அன்றைய விலைதான் தீர்மானிக்கும், மாநிலம் தீர்மானிப்பதில்லை. பேச்சில் தமிழும் மலையாளமும் அப்படிக் கலந்து கிடக்கும். மதுரைக்காரர் கேட்டால் மலையாளம் என்பார், கோட்டயத்துக்காரர் கேட்டால் தமிழ் என்பார்.

எல்லை நிஜமாகவே உறைத்தது 2017-ல். நவம்பர் 30 காலையில் ஒக்கி புயலாக மாறியபோது ஏராளமான படகுகள் ஆழ்கடலில். பல நாள் முன்பே கிளம்பிப் போனவர்களுக்கு எச்சரிக்கை சொல்ல வழியே இல்லை, வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. இந்த எட்டு ஊர்களும் அந்தப் பக்கம் பூந்துறை, விழிஞ்ஞம் ஊர்களும்தான் அதிகம் இழந்தன. எத்தனை பேர் காணவில்லை என்பதில் அரசு ஒரு எண் சொன்னது, கோயில் வேறு எண் சொன்னது. படகு கொச்சியில் கிளம்பியது, ஆள் தமிழ்நாடு, கூட வேலைக்குப் போனவர்களில் வெளிமாநிலத்தவரும் உண்டு. யார் பட்டியலில் யாரைச் சேர்ப்பது? நெத்திலி ஆய்ந்த அம்மா கேட்ட அதே கேள்வி, இப்போது உயிருக்காக.

டிசம்பர் 7-ம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கேரளம் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் அறிவித்தது, தமிழ்நாடு அறிவித்திருந்தது 10 லட்சம். ஒரே கோயிலில் பூசை கேட்கிற, கொண்டான் கொடுத்தான் உறவுள்ள ஊர்களில் ஒரு உயிருக்கு இரண்டு விலை என்றால் எப்படி இருக்கும்? பிறகு தமிழ்நாடும் 20 லட்சமாக உயர்த்தியது. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற சட்ட விதியையும் அப்போதுதான் இந்த வீடுகள் தெரிந்துகொண்டன. அரசுகள் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி இறப்புச் சான்றிதழ் கொடுத்தன.

ஆள் எண்ணிக்கையைப் பற்றி இவ்வளவு சொன்னேன். நிலமும் அதேபோல எண்ணில் நிற்காத ஒன்றுதான். தென்மேற்குப் பருவமழை காலத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, அலை கரையை வெட்டி மணலைக் கொண்டுபோகும். அக்டோபருக்குப் பிறகு கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். பிப்ரவரியில் கரை நன்றாக அகன்று கிடக்கும், பிள்ளைகள் நாலு அணி பிரித்துப் பந்து ஆடலாம். இந்தக் கரையில் பந்து என்றால் கால்பந்துதான். இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூரும் சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர்களுக்குப் பேர் போன ஊர். ஜூன் கடைசியில் அதே மைதானத்தில் அலை அடிக்கும்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற இந்தக் கணக்கு இப்போது சரியாக நடப்பதில்லை. மணல் கரையோரமாக ஆறு போல நகர்ந்துகொண்டே இருக்கிற பொருள். குறுக்கே கல்லைப் போட்டால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் அரிக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் கடலரிப்புத் தடுப்புச் சுவரும், கடலுக்குள் நீட்டிக் கல் போடுகிற தூண்டில் வளைவும் போட்டார்கள். அதனால்தான் எங்கள் கரை போகிறது என்று பொழியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பக்கத்திலும் கல் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். போட்டால் அதற்கடுத்த ஊர் என்ன சொல்லும் என்று தெரிந்ததுதான். வடமேற்கே பதினைந்து இருபது கிலோமீட்டரில் விழிஞ்ஞம் துறைமுகத்தின் பெரிய அலைத்தடுப்புச் சுவர் நிற்கிறது. துறைமுகத்தை 2025 மே மாதம் பிரதமர் திறந்துவைத்தார். அதற்கு மூன்று வருடம் முன்பு கரை அரிக்கிறது என்று அந்தப் பக்கத்து மீனவர்கள் மாதக்கணக்கில் அதன் வாசலில் போராடினார்கள். மாநில எல்லை தெரியாமல் நகர்கிற மணலை மாநிலத்துக்கு ஒரு பொறியியல் பிரிவு வைத்துத் தடுத்தால் இப்படித்தான் ஆகும் என்பது என் எண்ணம். பொறியாளர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

கடல் எடுக்கிற மணல் போக, அரசு கேட்கிற மணலும் இருக்கிறது. இந்தப் பக்கத்து மணலில் மோனசைட், இல்மனைட் போன்ற கனிமங்கள் உண்டு. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் அருமணல் ஆலை பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. இப்போது கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம். கிராமங்களின் பட்டியலில் ஏழுதேசமும் கொல்லங்கோடும் உண்டு. 2024 அக்டோபரில் வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பு காரணமாகத் தள்ளிப்போனது. வீடு கட்ட ஒரு சென்ட் கிடைக்காத இடத்தில் 1,144 ஹெக்டேர் என்ற சொல்லே பலருக்கு முதலில் புரியவில்லை. ஏக்கரில் மாற்றிச் சொன்ன பிறகுதான் புரிந்தது: 2,800 ஏக்கருக்கு மேல்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில்தான். கரை அகலமாக இருக்கும், வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும் இருப்பார்கள்.

இந்த ஊர்களை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் ஜூனில் வர வேண்டும். மேற்குக் கடற்கரையில் தமிழ்நாட்டின் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். கன்னியாகுமரி சின்னமுட்டம் பக்கத்துக்கு மட்டும் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கேரளத்தின் தடை 52 நாள், ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கும். கொச்சியில் படகைக் கட்டிப்போட்டுவிட்டு, குழித்துறையிலும் பாறசாலையிலும் ரயிலிறங்கி, பையோடு ஆண்கள் வந்து சேர்வார்கள். சந்துகளில் எதிரெதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கும். மாடி வீடுகளில் எல்லா மாடியிலும் விளக்கு எரியும். போன வருடம் ஜூன் கடைசியில் நீரோடியில் நின்றேன். எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். கடலோர முதல் வரிசை வீடுகளின் வாசல்படி வரை தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு குடும்பம் பிரிட்ஜைப் பின்பக்கச் சந்து வழியாக மாமியார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது. தூக்க ஐந்து ஆண்கள் இருந்தார்கள்.